தாய்மாமன் பெயருக்குத் தங்க நிறம்

அசோகன் அண்ணனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பாவம் என்பார்கள். நல்ல மனுஷன் என்பார்கள். எல்லாம் சரிதான், யார் இல்லையென்றது? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மனுஷனுக்குப் பாதிக் கஷ்டம் இல்லாமல் போயிருக்கும். கேட்கவே மாட்டார். அப்படி ஒரு பிறவி.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் வஹாப் பாயின் டிசைன் கடையில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். ஃப்ளெக்ஸ் பேனர் புதிதாக வந்து ஊருக்கே பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. காதுகுத்து, நிக்காஹ், ஆடிக்கூழ், மாதா கோயில் கொடியேற்றம், எதுவானாலும் பேனர் வேண்டும். பேனரில் பெயர் தங்கத்தில் தகதகவென்று முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் கவுண்டரில் ஆர்டர் எடுத்துத் தமிழில் டைப் அடித்துக் கொடுப்பேன். அதைத் தங்கமாக்குவது அண்ணன் வேலை.

கம்ப்யூட்டரில் தங்கம் என்று ஒரு நிறமே கிடையாது, தெரியுமா? வெறும் மஞ்சளை ஊற்றினால் அரைத்த கடுகு மாதிரி அசிங்கமாக இருக்கும். அண்ணன் கோரல் டிராவில் எழுத்தைப் போட்டு, அதற்குப் பின்னால் தடிமன் கொடுத்து முதலில் கட்டை மாதிரி நிற்க வைப்பார். அப்புறம் அதன் முகத்தில் பட்டை பட்டையாக நிறம் இறக்குவார். மேலே அடர்ந்த பழுப்பு, அடுத்து மஞ்சள், நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு கீற்று, அதை ஒட்டியே மறுபடியும் பழுப்பு, கடைசியில் வெளிர் மஞ்சள். வெளிச்சம் இடது பக்கம் மேலேயிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், அத்தனை எழுத்துக்கும் வலது ஓரம் இருண்டிருக்க வேண்டும். ஒரு கொம்பு, ஒரு சுழி தப்பக் கூடாது. பாதியில் மிஷின் உறைந்து போய்விடும். வேறு யாராவது என்றால் மானிட்டரை நாலு தட்டுத் தட்டுவார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு அது எழுந்திருக்கும்வரை காத்திருப்பார்.

டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்காமல் எவர்சில்வர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“பாத்தியா ஜஸீமா, இதுக்குன்னு சொந்தமா கலரே கெடையாது. பக்கத்துல இன்னா கீதோ அத்தத்தான் காட்டுது.”

“டீ ஆறுதுண்ணே. ஆறுனா அப்பால என்னை ஒண்ணும் கேக்காதீங்க.”

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. தண்டையார்பேட்டையில் ஒரு ஒற்றை அறையில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஒருத்தனுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்றே இன்னும் பிடிபடவில்லை, தினமும் மிஞ்சுகிறது என்று ஒருநாள் சொன்னார். ‘நாளைக்குக் கடை லீவு’ என்று வஹாப் பாய் சொன்னால் நாங்களெல்லாம் துள்ளுவோம். இவர் முகம் மட்டும் தொங்கிப் போகும்.

அவருக்கு ஊரே இல்லையா என்றால், வியாசர்பாடி எம்.கே.பி. நகர்தான் ஊர். அம்மா அப்பா போன பிறகு அக்கா யசோதரா வீட்டில்தான் இருந்தார். அக்கா புருஷன் பக்தவச்சலம், மணலியில் ஒரு கம்பெனியில் வேலை. யூனியன்காரர், கறாரான ஆள். அவர்களுக்கு ஒரே பெண், பெயர் செங்கொடி. அந்தப் பெண் தவழ்ந்தது, நடந்தது, முதலில் இவர் தோளில் பல் பதித்தது எல்லாம் எனக்குக் கதை கதையாகத் தெரியும். அவராகப் பேசுகிற விஷயம் அது ஒன்றுதான்.

அந்த வீட்டை விட்டு ஏன் வந்தார்? அதுவும் இந்தத் தங்கத்தால்தான். பக்தவச்சலத்தின் அப்பா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அசோகன் அண்ணன்தான் செய்தார். சாவு போஸ்டர் என்றால் அந்த நாளில் கறுப்பு. இவரோ பெரியவர் பெயரைத் தங்கத்தில், தடிமன் கொடுத்து, ஓரமெல்லாம் மின்ன மின்னச் செய்து அச்சடித்துத் தெருத்தெருவாக ஒட்டிவிட்டார். எழவுக்கு வந்தவன் எவனோ, “இன்னா பக்தா, ஒங்க நைனாவுக்கு எம்பதாங் கல்யாணமா?” என்று கேட்டுவிட்டான். கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பக்தவச்சலத்துக்கு அது போதும். பிணத்தை எடுத்து முடித்த கையோடு, “இனிமே என் வூட்டு நல்லது கெட்டதுல நீ வந்து நிக்காத” என்று சொல்லிவிட்டார்.

“ஏண்ணே அப்டிப் பண்ணீங்க? கண்ணு தெரியலியா ஒங்களுக்கு?” என்று நான்கூடக் கத்தியிருக்கிறேன்.

“இல்ல ஜஸீமா. அந்தப் பெரியவரு ஹார்பர்ல மூட்டை தூக்கியே தேஞ்சவரு. ஒரு தபாவாவது அவரு பேரு தங்கத்துல இருக்கட்டும்னு நெனச்சேன்.”

இதை அன்றைக்கு மாமாவிடம் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். இன்று பாருங்கள், கண்ணீர் அஞ்சலி பேனரெல்லாம் தங்கம்தான், வெள்ளிதான். யாரும் சிரிப்பதில்லை.

இப்படி வருஷங்கள் போன பிறகு ஒரு புதன்கிழமை, கடைக்கு ஒருவர் வந்தார். பெயர் சண்முகவேல், மணலிக்காரர். பேனர் ஆர்டர்.

“எம்.கே.பி. நகர் பக்தவச்சலம்னு நம்ம கம்பெனி தோஸ்து. அவரு பொண்ணுக்கு மஞ்சத் தண்ணி. வர்ற ஞாயித்துக்கெழம. பொண்ணு பேரு செங்கொடி. பேரு மட்டும் நல்லா தங்கத்துல வரணும்மா.”

எனக்குப் பின்னால் மவுஸ் சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பவில்லை. வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

“தாய்மாமன் பேரு சொல்லுங்க. அத்த பெருசா போடணுமே.”

“அது வாணாம்னுட்டாரு.”

“தாய்மாமன் இல்லாம மஞ்சத் தண்ணியா? அப்ப மாலை யாரு போடுவாங்க?”

“கீறாராம், பேச்சுவார்த்த இல்லியாம். பக்தா தம்பி அந்த எடத்துல நின்னு போட்டுடுவாரு. நமக்கு எதுக்கும்மா ஊர் பேஜாரு?”

கீழே வலது மூலையில் வைக்கச் சொல்லி யூனியன் தலைவர் ஒருவருடைய போட்டோவைக் கொடுத்தார். போகும்போது, தன்பாட்டில் புலம்புகிற மாதிரி ஒன்று சொல்லிவிட்டுப் போனார். “மணலியிலயே ரெண்டு கடை கீது. அந்த வூட்டுக்கார அம்மா தான் கல்மண்டபத்துக் கடையிலயே குடுங்கன்னு ஒரே புடிவாதம். வெயில்ல இம்மா தூரம் இஸ்துகினு வந்தேன்.”

அவர் சந்தைத் தாண்டுவதற்குள் நான் அண்ணன் பக்கம் பாய்ந்தேன்.

“கேட்டீங்களாண்ணே? அக்கா தான் இங்க அனுப்பி கீறாங்க. ஒங்களுக்குத் தெரியணும்னு தான் அனுப்பி கீறாங்க!”

“ம்.”

“இன்னா ‘ம்’? நேரா வூட்டுக்குப் போய் நில்லுங்க. யாரு தள்ளி வுடப் போறாங்க?”

“கூப்புடாத வூட்டுக்கு எப்டிம்மா போறது? கூப்புடுவா. ஞாயித்துக்கெழமக்குள்ள எப்டியும் கூப்புடுவா. அவளுக்குக் கடை நம்பர் தெரியும்.”

எங்கள் வீட்டில் இந்த மஞ்சள் நீராட்டுச் சடங்கு இல்லை என்றாலும் அதன் அருமை தெரியாமல் வடசென்னையில் யாரும் வளர முடியாது. பெண்ணை மணையில் உட்கார வைத்து முதல் மாலையைப் போடுவது தாய்மாமன். ஒரு பெண்ணுக்கு அது வாழ்நாளில் ஒரே ஒருமுறை. அதை விட்டால் விட்டதுதான். அன்று மதியமே அண்ணன் எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போய், அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்தார். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டபோது, “எங்க அக்கா பொண்ணுக்கு. நான் தாய்மாமன்” என்றார். கேட்காத அடுத்த கடைக்காரரிடமும் அதையே சொன்னார்.

செங்கொடி பெயரை அவர் செய்த மாதிரி வேறு எந்தப் பெயரையும் செய்து நான் பார்த்ததில்லை. தங்கத்தின் நடுக்கீற்றில் மெல்ல அரக்கு நிறத்தைக் கலந்தார். கேட்டதற்கு, “பொடவை பக்கத்துல கீதுல்ல, அது தெரியணும்” என்றார். பைத்தியம் என்று நினைத்தேன். ஆனால் திரையில் அந்த எழுத்தைத் தொட்டால் விரலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் போலிருந்தது, பொய் சொல்லக் கூடாது.

வெள்ளிக்கிழமை நான் டைப் முடித்துவிட்டு அவர் பக்கம் போனபோது, பேனரின் வலது மூலையில் இன்னொரு தங்கப் பெயர் இருந்தது. ‘தாய்மாமன் வ. அசோகன்’. அதே அரக்குக் கீற்று, அதே நிழல். நான் பார்ப்பதைக் கண்டதும் அவசரமாக யூனியன் தலைவர் போட்டோவை இழுத்து அதன்மேல் வைத்தார். பெயர் முழுசாக மறைந்துவிட்டது.

“அழிச்சிட்டீங்களா?”

“இல்ல. அடியில கீது.”

“மறைச்சு வெக்கறதுக்கா இவ்ளோ நேரம் மாங்கு மாங்குன்னு பண்ணீங்க?”

“யாருக்கும் தெரியப் போறதில்ல ஜஸீமா. இருந்துட்டுப் போவட்டும். அந்தப் பந்தல்ல எங்கியோ ஒரு ஓரத்துல நானும் கீறேன்னு எனுக்குத் தெரிஞ்சா போதும்.”

நான் போய் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கடையில் பேனர் அடிக்கிற மிஷின் கிடையாது. ஃபைலை சிடியில் போட்டு மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பிரஸ்ஸுக்கு அனுப்புவோம். அன்று மாலை சிடி போய்விட்டது.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அன்று நடந்ததெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பக்தவச்சலமே கடைக்குப் போன் செய்திருக்கிறார். வஹாப் பாய்தான் எடுத்தார். யூனியன் தலைவர் முதல்நாள் நிர்வாகத்தோடு கமுக்கமாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அந்த ஆள் மூஞ்சி என் வீட்டுப் பேனரில் இருக்கக் கூடாது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பாய்க்கு அடியில் பெயர் இருப்பது எப்படித் தெரியும்? பிரஸ்ஸுக்குப் போன் போட்டு, அந்தப் போட்டோவை மட்டும் தூக்கிவிடுங்கள் என்றார். அங்கிருந்த ஆள் தூக்கினார். தூக்கியதும் அந்த இடத்தில் அழகாக ஒரு தங்கப் பெயர் தயாராக நிற்பதைப் பார்த்து, போட்டோவுக்குப் பதில் இதுதான் போலிருக்கிறது என்று அப்படியே அடித்துவிட்டார். சண்முகவேல் நேராக பிரஸ்ஸிலிருந்தே பேனரைச் சுருட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் கடையில் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. பாயும் சின்ன வேலைதானே என்று அண்ணனிடம் சொல்ல மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவசர வேலை என்று பொய் சொல்லிக் கடைச் சாவியை வாங்கிக்கொண்டார். வேலை ஒன்றும் கிடையாது. அக்காவுக்குத் தெரிந்த ஒரே நம்பர் கடை நம்பர், அதனால் கடையில் உட்கார்ந்திருக்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பக்கத்து நாற்காலியில் பட்டுப்புடவைப் பை. தண்ணீர் குடிக்கப் போனால்கூட போன் அடித்துவிடுமோ என்று எழுந்திருக்கவில்லையாம். இதெல்லாம் திங்கட்கிழமை காலையில் அவரே சொன்னது. முகம் வற்றிப் போயிருந்தது.

“ஒரு தபா மணி அடிச்சுது ஜஸீமா. ஓடிப் போய் எடுத்தேன். ராங் நம்பரு.”

“ஒங்க அக்காவும் ஆச்சு, நீங்களும் ஆச்சு” என்று கத்திவிட்டேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், வெயிலில் நடந்து வந்த ஒரு அம்மா கடைக்குள் விறுவிறுவென்று நுழைந்தார். அதுவரை யசோதரா அக்காவை நான் பார்த்ததில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதே மூக்கு, அதே நெற்றி. கையில் இன்னும் மஞ்சள் போகவில்லை.

“பேரு போடத் தெரிஞ்சுது. வரத் தெரியலியாடா ஒனுக்கு?”

அண்ணன் எழுந்து நின்றார். “இன்னா பேருக்கா?”

“நடிக்காத! ‘தாய்மாமன் அசோகன்’னு தங்கத்துல கொட்ட கொட்டயா போட்டு அனுப்பிட்டு, நீ பாட்டுக்கு இங்க ஒக்காந்துகினு கீற. பேரு போட்டவன் வருவான், பேரு போட்டவன் வருவான்னு பந்தலே ஒன்னைப் பாத்துகினு இருந்துச்சு. தாய்மாமன் எங்க, தாய்மாமன் எங்கன்னு போறவங்க வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க. மணையில ஒக்காந்த பொண்ணு முதுகு நோவுதும்மான்னு அழுவுது. எங்கள அசிங்கப்படுத்தணும்னே பண்ணியா?”

“நீ கூப்புடவே இல்லியேக்கா” என்றார் அண்ணன்.

“பேரு போட்டுகினவன வேற வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடணுமா?”

உள்ளேயிருந்து வஹாப் பாய் ஓடி வந்தார். போட்டோவை எடுக்கச் சொல்லி பக்தவச்சலம் போன் செய்தது, பிரஸ்ஸில் எடுத்தது எல்லாவற்றையும் திக்கித் திணறிச் சொன்னார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். மூலையில் அந்த யூனியன் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். மவுஸால் அவரைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அடியில் பெயர்.

அக்கா குனிந்து பார்த்தார். “நீயே செஞ்சு, நீயே எதுக்குடா மறைச்ச?”

“மாமா வாணாம்னுட்டாருன்னு வந்தவரு சொன்னாரு. அழிக்க மனசு வர்லக்கா.”

யசோதரா அக்கா அங்கிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பேனரைப் பிரிச்சவொடனே ஒங்க மாமா கத்துவாருன்னு நெனச்சேன். ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் பாத்துகினே நின்னாரு. அப்பால, ‘சரி, கட்டுங்கடா’ன்னாரு. அவரு தம்பி மாலைய எடுத்தப்போ, ‘வைடா கீழ, மச்சான் வந்துடுவான்’னு அதட்டுனாரு. நேரம் ஆவ ஆவ அவருக்கே இருப்புக் கொள்ளல. பஸ் ஸ்டாப் வரிக்கும் போய் நின்னாருடா. ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாத்துட்டு, கூட்டமெல்லாம் கலையற நேரத்துல தான் திரும்பி வந்தாரு.”

“மாமாவா?” என்றார் அண்ணன்.

“அவரு தான். வந்து, ‘அவனுக்கு இன்னும் ஆத்தாமை தீரலடி, வுடு’ன்னுட்டுத் தம்பிய மாலை போடச் சொன்னாரு.”

மாமாவிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வதாக அக்கா சொன்னார். செங்கொடிக்குக் கல்யாணம் என்று ஒன்று வராமலா போகும், அப்போது வா என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். புடவைப் பையை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். அக்கா தம்பியின் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அண்ணன் மறுபடி திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அடுத்த ஆர்டர் காத்திருந்தது, யாருக்கோ நிச்சயதார்த்தம். மவுஸில் கை வைத்தார், ஆனால் நகர்த்தவில்லை.

“எனுக்காக பஸ் ஸ்டாப்புல நின்னாராம் ஜஸீமா” என்றார். “அந்த நேரத்துக்கெல்லாம் நான் இந்தப் போனைப் பாத்துகினு ஒக்காந்திருந்தேன். பஸ்ஸு ஏறுனா அரை மணி நேரம். அவ்ளோ தான் தூரம்.”

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டாம் என்று நான் எழுந்து போய் ஷட்டரைப் பாதிவரைக்கும் இறக்கினேன்.